மிதிகட்டையில் நின்ற கால்

பவானியில் ஒரு சிறிய மருத்துவமனையில் பணியிலிருந்தபோது நடந்தது. ஜமுக்காளம் நெய்யும் பெரியவர் ஒருவர், 68 வயது, இடுப்புக்கு மேல் வலப்பக்கம் வலி என்று வந்தார். ஆயுளெல்லாம் குழிக்குள் காலை இறக்கி மிதிகட்டையை மிதித்து நெய்யும் குழித்தறியில் உட்கார்ந்தவருக்கு முதுகு வலிப்பதில் என்ன வியப்பு என்று நினைத்துவிட்டேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தேன், முகம்கூடச் சுளிக்கவில்லை. சிறுநீரில் கொஞ்சம் சீழணுக்கள் தெரிந்தன. சிறுநீர்த் தொற்று என்று எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள் மனைவியோடு வந்தார். “கொள்ளுப்பருப்பு என்றால் இரண்டு முறை சோறு கேட்பவர். மூன்று நாளாகத் தட்டையே தள்ளிவைக்கிறார் அம்மிணி” என்றார் அந்த அம்மா. முதல் நாள் நான் கேட்கவே கேட்காத கேள்விக்கான பதில் அது. பெரியவர் இன்னொன்று சொன்னார்: “இடது காலால் மிதித்துவிடுகிறேன். வலது காலை மிதிகட்டையிலிருந்து தூக்கும்போதுதான் உள்ளே பிடித்து இழுக்கிறது.”

இடப்பக்கமாகப் படுக்கவைத்து, வலது தொடையை மெல்லப் பின்னால் இழுத்தேன். கட்டிலின் விளிம்பை இறுகப் பற்றினார். விரல் கணுக்கள் வெளுத்தன.

குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) அழற்சியாக இருக்குமோ என்று அப்போதுதான் தோன்றியது. குடல்வால் எல்லோருக்கும் ஒரே திசையில் கிடப்பதில்லை. பெருங்குடலின் தொடக்கத்துக்குப் பின்னால் மடங்கியிருந்தால், தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் பாடப்புத்தக வலி வராமலே போகலாம். விலாவுக்குக் கீழோ முதுகிலோ வலிக்கும். அங்குள்ள இடுப்புத் தசையை அழற்சி தொட்டால் காலை அசைக்கும்போது வலிக்கும். சிறுநீர்க்குழாயைத் தொட்டால் சிறுநீரில் சீழணுக்கள் வரும். இடுப்புக்குழிக்குள் இறங்கிக் கிடந்தாலோ வயிற்றுப்போக்குபோலத் தோன்றும். முதியவர்களுக்குக் காய்ச்சலும் வலியும் அடங்கியே இருக்கலாம். ஆனால் குடல்வால் வெடிக்கும் ஆபத்து அவர்களுக்குத்தான் அதிகம்.

குடல்வால் அழற்சிக்கு எவ்வளவு வாய்ப்பு என்று பத்துக்கு மதிப்பிடும், 1986-இல் வெளியான ஆல்வரடோ மதிப்பெண் முறையில் கணக்கிட்டேன். பசியின்மைக்கு 1, இரத்தத்தில் கூடியிருந்த வெள்ளையணுக்களுக்கு 2. பத்துக்கு மூன்றுதான். அந்த எண்ணை மட்டும் நம்பியிருந்தால் மறுபடியும் வீட்டுக்கே அனுப்பியிருப்பேன்.

அல்ட்ராசவுண்டில் குடலின் வாயு மறைத்துக்கொண்டது. ஈரோட்டுக்கு அனுப்பி சி.டி. ஸ்கேன் எடுத்தோம். பின்னால் மடங்கி வீங்கிய குடல்வால், சுற்றிலும் சிறிது சீழ். அன்றிரவே அறுவை சிகிச்சை நடந்தது.

பிழைத்து எழுந்தவரிடம், இரண்டு நாள் தாமதமானது என்னால்தான் என்று சொன்னேன். “இல்லை அம்மிணி, காலைப் பற்றி நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வயிற்றுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டேன்” என்றார். நான் கேட்டிருக்க வேண்டியதை அவர் தம் தவறாக எடுத்துக்கொண்டது இன்றும் என்னை உறுத்துகிறது.