ஃபிஷ் ரிப்போர்ட் வரும்வரை

ஜூன் 9
அப்பாவுக்கு மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். மறுபடி மஜ்ஜை எடுத்தார்கள். முதல் தடவை எடுத்தது ஃபிஷ் பார்க்கப் போதவில்லை; புற்று செல்லின் குரோமோசோம் மாற்றங்களைக் காட்டும் சோதனை அது. இடுப்பெலும்புக்குள் ஊசி இறங்கும்போது அப்பா என் மணிக்கட்டை விடவே இல்லை. 17ஆம் குரோமோசோமில் துண்டு போயிருக்கிறதா, 4-ம் 14-ம் துண்டு மாற்றிக்கொண்டிருக்கின்றனவா, அதுதான் தெரிய வேண்டும்.

ஜூன் 11
போர்டெசோமிப் ஊசி, தூக்கத்தைக் கெடுக்கும் டெக்சா ஸ்டீராய்டு, இரண்டும் இன்று. ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அம்மா கெஞ்சிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் 12
ரிப்போர்ட் வரவில்லை.

ஜூன் 14
மதினி வந்திருக்கிறாள், ஐந்து மாதம். அப்பாவின் லெனலிடமைடு மாத்திரை டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினேன். "மாமா தினம் முழுங்குறதை நான் தொடக்கூட கூடாதா?" என்றாள். கூடாதுதான். தாலிடமைடின் வம்சம் அது. தூக்கத்துக்கும் மசக்கைக்கும் என்று 1961 வரை கொடுத்ததில் பத்தாயிரம் குழந்தைகளுக்கு மேல் கை கால் குறைந்து பிறந்தன. அதே தாலிடமைடை அமெரிக்காவில், அர்க்கன்சாவில், 84 மைலோமா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1999இல் எழுதினார்கள். வேறு எதற்கும் அடங்காத நோய், மூன்றில் ஒருவருக்குக் கேட்டது. ஏன் கேட்டது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 2010இல் டோக்கியோவில் ஹண்டா என்ற விஞ்ஞானியின் குழு தாலிடமைடை நுண்மணிகளில் ஒட்டி, செல் சாற்றில் போட்டுப் பார்த்தது. வந்து ஒட்டிக்கொண்டது செரிப்ளான் என்ற புரதம். மருந்து ஏறிவிட்டால் செரிப்ளான் இக்காரோஸ், அயோலோஸ் என்ற இரண்டு புரதங்களைப் பிடித்து அழிவுக்கு அனுப்புகிறது. அவை இல்லாமல் மைலோமா செல் பிழைக்காது. கருவில் அதே செரிப்ளான் சால்4 என்ற புரதத்தைப் பிடித்துவிடுகிறது. கை கால் உருவாக அது வேண்டும்.

மதினியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்து அவளுக்குச் சாப்பாடு போட்டேன்.

ஜூன் 17
இக்காரோஸை அரைத்துத் தள்ளுவது எது? புரோட்டியசோம், செல்லுக்குள் வேண்டாத புரதங்களை அரைக்கும் மில். வியாழன்தோறும் போடும் போர்டெசோமிப் எதை அடைக்கிறது? அதே புரோட்டியசோமை. ஒரு மருந்துக்கு மில் ஓட வேண்டும், இன்னொன்று மில்லை நிறுத்துகிறது. மைலோமா செல்கள் ரத்தத்தில் விடும் எம் புரதம் சரியாக இறங்காததற்கு இதுதான் காரணமா? மணி மூன்றரை.

ஜூன் 18
டாக்டரிடம் கேட்டேவிட்டேன். பொறுமையாகச் சொன்னார். அடைப்பு நிரந்தரமில்லை, இரண்டு மூன்று நாளில் புரோட்டியசோம் பெரும்பாலும் மீண்டுவிடும், மாத்திரையோ தினம் போகிறது. 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வைக் காட்டினார். மாத்திரையும் டெக்சாவும் மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 64 மாதம். ஊசியும் சேர்ந்தவர்களுக்கு 75. பதினொரு மாதம். ஒரு பிள்ளை பிறந்து, எழுந்து நிற்கிற காலம்.

ஜூன் 20
அப்பாவின் வலது செருப்பு வாசலிலேயே கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் சொல்லாதே என்கிறார்.

ஜூன் 23
ரிப்போர்ட் வந்துவிட்டது. 17 முழுசாக இருக்கிறது. 4, 14 மாறியிருக்கிறது. நான் படித்த வரையில் இந்த வகைக்கு போர்டெசோமிப்தான் பெரிய துணை. ஆனால் கால் மரத்துப்போவதும் அந்த ஊசியால்தான்; சொன்னால் அளவைக் குறைப்பார்கள். சொல்லாவிட்டால் மரமரப்பு கைக்கும் ஏறும், சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாது. சொல்லத்தான் போகிறேன், அப்பா கோபித்துக்கொண்டாலும் சரி. வியாழன் டோக்கன் வாங்க அண்ணன் ஐந்து மணிக்கே போகிறான்.