கான்கிரீட்டுக்குள் ஒரு சென்சார்

இரும்புக் கம்பி துருப்பிடிக்கிறதா என்று பார்க்க பாலத்தின் கான்கிரீட்டுக்குள் புதைத்துவிட்ட சென்சாருக்கு யார் போய் பேட்டரி மாற்றுவது? பாலம் நூறு வருஷம் நிற்கணும், பேட்டரி அவ்வளவு காலம் தாங்காது. வயர் இழுத்தாலோ, அது வெளியே வரும் இடத்திலேயே தண்ணீர் இறங்க வழி கிடைத்துவிடும்.

அதனால்தான் வயரே இல்லாமல் காந்தப்புலம் வழியாக மின்சாரம் அனுப்பும் மின்தூண்டல் முறை எனக்கு இவ்வளவு பிடிக்கும். 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த அதே தத்துவம். வெளியே ஒரு காயில் (கம்பிச் சுருள்), உள்ளே சென்சாரோடு ஒரு காயில், நடுவில் கான்கிரீட். வெளிக் காயிலில் மாறுமின்னோட்டம் ஓடினால் உள்காயிலில் மின்சாரம் பிறக்கும். இதைவிட அழகு, சென்சார் பதில் சொல்லும் விதம். தனியாக ரேடியோ சிக்னல் எதையும் அது உருவாக்குவதில்லை. தன் காயிலோடு இணைந்த ஒரு சின்ன லோடை (மின்சாரம் இழுக்கும் பாகத்தை) ஆன், ஆஃப் செய்யும், அவ்வளவுதான். வெளிக் காயிலின் வோல்டேஜ் அதற்கேற்ப துளி ஏறி இறங்கும். அந்தத் துளி ஏற்ற இறக்கத்தில்தான் துருவின் சேதி வருகிறது!

பெரிய இடைஞ்சல் கான்கிரீட்டுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பிதான். காயில் அதை ஒட்டி இருந்தால் கம்பியில் சுழல் மின்னோட்டம் கிளம்பி பவரைத் தின்றுவிடும், காயிலுக்குப் பொருத்தி வைத்த அலைவரிசையும் (ட்யூனிங்) தள்ளிப்போகும். இடையில் காந்தப்புலத்தைத் தன் வழியே திருப்பிவிடும் ஃபெரைட் தகடு வைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். ஈரக் கான்கிரீட்டில் அலைவரிசை ஏற ஏற இழப்பும் ஏறும். தகவல் வரும் வேகம் குறைந்தாலும் தாழ்ந்த அலைவரிசையே மேல் என்பேன். துரு ஒரே நாளில் பரவுவதில்லையே.

டிசைன் செய்யும் நண்பர்களே, வெளிக் காயிலை எங்கே வைப்பது என்று பிறகு தெரிய, காயில் புதைத்த இடத்தை டிராயிங்கில் தயவுசெய்து குறித்து வையுங்கள்.