கறுப்புத் திரையோடு இரண்டு வாரம்

மார்ச் 3, திங்கள்

பழைய லேப்டாப்பில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை ஏற்றியாயிற்று. லினக்ஸ் போதுமே என்றான் தம்பி. பெர்க்லி பல்கலைக்கழகம் வழியாக வந்த, யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வாரிசுதான் வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

கைவசம் இருந்த திருக்குறள் ஃபைலுக்கு நகல் எடுக்க 'சிபி' என்ற கட்டளையை அடித்தேன். பதிலே இல்லை. ஆகவில்லையோ என்று இன்னொரு முறை, அப்புறம் மூன்றாம் முறை. முதல் தடவையே ஆகியிருந்தது. வேலை முடிந்தால் இது வாய் திறக்காதாம். கோளாறு என்றால்தான் பேசும். 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கிய காலத்தில் பதில் டெலிடைப் காகிதத்தில் எழுத்தெழுத்தாக அச்சாகும். அந்த வேகத்தில் வளவளப்பு யாருக்கு வேண்டும்!

மார்ச் 4, செவ்வாய்

உரை திருத்தும் 'விஐ'க்குள் போய்விட்டு வெளியே வரத் தெரியாமல் கால் மணி நேரம். எஸ்கேப், முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி. உள்ளங்கையில் எழுதி வைத்திருக்கிறேன்.

மார்ச் 8, சனி

1330 குறள், குறளுக்கு ஏழு சீர். மொத்தம் 9310 வரவேண்டும். சொற்களை எண்ணும் 'டபிள்யூசி' 9316 என்றது. அந்த ஆறு எங்கிருந்து வந்தது? உரையை வரிவரியாகச் சோதிக்கும் 'ஆக்'கில் ஒரே வரி எழுதினேன்: ஒற்றைப்படை வரியில் நான்கு சொல், இரட்டைப்படை வரியில் மூன்று. அப்படி இல்லாத வரியை மட்டும் காட்டு. ஆறு வரிகள் வந்து விழுந்தன. தட்டச்சு செய்தவர் சீரை நடுவில் பிளந்த இடங்கள். பள்ளியில் சீர் பிரிக்கத் தெரியாமல் வாங்கிய கொட்டுக்கெல்லாம் இன்று பழி தீர்ந்தது.

எந்தச் சொல் அதிகம் என்று பார்க்க, வரிக்கு ஒரு சொல்லாக்கி, ஒரே மாதிரி வரிகளைச் சேர்த்து எண்ணும் 'யூனிக்'கிடம் கொடுத்தால் ஒரே சொல் பத்து இடத்தில் தனித்தனியாக வந்தது. அது பக்கத்து வரியோடு மட்டும்தான் ஒப்பிடுமாம். முன்னால் வரிசைப்படுத்தும் 'சார்ட்' ஒன்றைப் போட்டு, ஒன்றின் விடையை அடுத்ததற்கு அனுப்பும் பைப்பால் (|) இரண்டையும் கோத்ததும் சரியாகிவிட்டது. பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் விடாமல் நச்சரித்து 1973-இல் யூனிக்ஸுக்குள் வந்தது இந்த நெட்டுக்கோடு. அந்த நச்சரிப்புக்கு ஒரு கும்பிடு.

மார்ச் 9, ஞாயிறு

'தமிழ்' என்ற சொல்லை எதிரொலிக்கச் சொல்லி பைட்டுகளை எண்ணினேன். 16! நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. குறிக்கு மூன்று பைட்டாக 15, வரி முடிவுக்கு ஒன்று. நம் கணக்குப்படி எழுத்தெண்ண நாமே ஒரு சி நிரல் எழுதினால் என்ன?

மார்ச் 12, புதன்

முதலில், நிரலைக் கட்டித் தரும் 'மேக்' மறுத்தது. அதற்கான குறிப்புகள் உள்ள மேக்ஃபைலில் டேப் இருக்கவேண்டிய இடத்தில் வெற்றிடம் வைத்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாத பிழைக்கு இவ்வளவு தண்டனையா? 1976-இல் வந்த கருவியில் இதை இன்னும் மாற்றவில்லை என்பது அநியாயம்தான்.

அடுத்து நிரல் செத்து, சாகும்போது நினைவகத்தில் இருந்ததன் பதிவான கோர் ஃபைலைக் கக்கியது. (பழைய காந்த வளைய நினைவகத்துக்குக் 'கோர்' என்று பெயர், வளையம் போய்ப் பெயர் தங்கிவிட்டது.) பிழை தேடும் 'எல்எல்டிபி'யில் திறந்து பார்த்தால், ஃபைல் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருக்கிறேன். ஃபைலைத் திறக்கும் 'எஃப்ஓப்பன்' திறக்க முடியாமல், எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டியைச் சத்தமில்லாமல் தந்திருக்கிறது. அதைப் பார்க்காமலே படிக்கப் போயிருக்கிறேன். சிபி-யின் மௌனம் ஒன்று, இந்த மௌனம் வேறு. இதைக் கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

மார்ச் 15, சனி

உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எண்ணாமல் தாண்டச் சொன்னேன். 'தமிழ்' மூன்று என்றது. பிளந்த ஆறு சீர்களையும் ஒட்டிவிட்டுப் பழைய ஆக் வரியை ஓட்டினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி அடிக்காமல் டீ போடப் போனேன்.