கிரிஸின் வயதைப் பிடியில் தேடாதீர்கள்

ஜாவா, பாலியின் கிரிஸ் எனும் குத்துவாள்களில் பிடியும் உறையும் பலமுறை மாறியிருக்கும். நம்ப வேண்டியது அலகை மட்டுமே. பாலி அலகு பொதுவாக நீளமானது, கனமானது, வழவழப்பாக மெருகேற்றியது. ஜாவா அலகு தடவினால் சொரசொரக்கும்: எலுமிச்சைச் சாறும் ஆர்சனிக்கும் இட்டுத் தலைமுறைகளாகக் கழுவியதில் இரும்பு அரித்து, நிக்கல் கலந்த 'பாமோர்' கோடுகள் வெளிறித் துருத்தி நிற்கும். (நச்சுதான், கையுறை அவசியம்.)

பிடியை மெல்லத் திருகிக் கழற்றுங்கள். வலிந்து இழுத்தால், பிடிக்குள் செருகியிருக்கும் அலகின் துருவேறிய வால் முறியும். அமிலத்தில் ஊறவைத்த போலியில் குழிகள் எங்கும் ஒரே ஆழம். உண்மையான தேய்மானம் ஒரே சீராக இராது. மெல்லிய விளிம்பும் நுனியும்தான் முதலில் கரையும்.

அலகின் நெளிவுகள் ஒற்றைப்படையாகவே வரும். இரட்டை வந்தால் மீண்டும் எண்ணுங்கள். அப்போதும் இரட்டையென்றால், ஒடிந்த நுனியைத் தீட்டியிருக்கலாம்.