ஆற்றுக்குத் தண்ணீர் வந்த இரவு

மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது மரபு என்பதும், அந்தத் தண்ணீர் கல்லணையைக் கடந்து வரச் சில நாள்கள் ஆகும் என்பதும் தெரிந்திருந்தும், திருவையாற்றில் நான் கண்ட அந்த இரவை மாயம் என்றே இன்றும் சொல்வேன். மின்சாரம் போய்விட்டதால், புழுக்கம் தாங்காமல் புஷ்ய மண்டபப் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். சருகையும் நுரையையும் முன்னே தள்ளிக்கொண்டு, ஒரு கயிற்றுக் கட்டிலின் அகலமே இருந்த தண்ணீர், பகலெல்லாம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய மணலில் ஸ்டம்பு நட்ட குழிகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்தது. காய்ந்த மணல் தண்ணீரைக் குடிக்கும்போது எழும் 'உஸ்' என்ற ஓசையை அதற்குமுன் நான் கேட்டதில்லை. அரை மணி நேரத்தில் தவளைகள் கத்தத் தொடங்கின (கோடை முழுவதும் அவை எங்கே இருந்தனவோ!). பக்கத்திலிருந்த பாட்டி படியிறங்கிக் கையை நனைத்துக்கொண்டு, "வாடியம்மா, இத்தனை நாள் எங்கே போயிருந்தே?" என்று தண்ணீரைக் கேட்டார்.