ஐவர்மலையில் அத்தை கேட்ட கேள்வி

பழனியாண்டவர் தரிசனம் காலையிலேயே முடிந்துவிட்டது. பஸ்ஸுக்கு அரை நாள் இருந்தது. “பக்கத்தில் ஐவர்மலையில் புத்தர் சிலை இருக்கிறது அத்தை” என்று கிளப்பியது நான்தான். கொழுமம் சாலையில், பாப்பம்பட்டிக்கு அருகே தனியாக நிற்கும் பாறைக்குன்று அது. தெற்கே பழனி மலைத்தொடர் நீலமாக ஓடுகிறது. பாண்டவர் ஐவரும் தங்கியதால் அந்தப் பெயர் என்பது ஊர் வழக்கு. திரௌபதியம்மனுக்கும் அங்கே கோயில் இருக்கிறது. அத்தைக்கு அதுவே போதும்.

இயற்கைக் குகைத்தளத்துக்கு மேலே, பாறையின் நெற்றியில் வரிசையாகப் பதினாறு உருவங்கள். சேலம் பக்கத்துத் தியாகனூரில் உள்ள புத்தர் சிலையை ஒருமுறை பார்த்துவிட்ட தெம்பில், தலைக்குமேல் நாகம் படமெடுத்த ஓர் உருவத்தைக் காட்டினேன். “இவர்தான் புத்தர். ஏழு நாள் அடைமழையில் முசலிந்த நாகம் குடை பிடித்த காட்சி.”

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். “அது சரி, புத்தருக்குத் துணி எங்கே?”

மாட்டிக்கொண்டேன். புத்தர் என்றால் தோளில் துறவியின் சீவர ஆடையின் மடிப்பாவது தெரிய வேண்டும், உச்சந்தலையில் ஞானமுடி என்ற புடைப்பு வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. மற்ற உருவங்களின் தலைக்குமேல் இருந்தது முக்குடை. மூவுலகுக்கும் தலைவர் என்பதற்கான சமண அடையாளம். நாகக்குடைக்காரர் சமணர்கள் வணங்கும் 24 தீர்த்தங்கரர்களில் 23-ஆமவர், பார்சுவநாதர். அவர் தவத்தைக் கலைக்கப் பகைவன் கமடன் புயலையும் கல்மாரியையும் ஏவியபோது நாகராஜன் தரணேந்திரன் விரித்த படம் அது. அதே மழை, அதே பாம்பு. ஏமாந்தது நான் ஒருவனாக இருக்க முடியாது.

நிழலில் உட்கார்ந்து, அங்குள்ள கல்வெட்டைப் பற்றிப் போனில் தேடி அத்தைக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் வரகுண பாண்டியன் காலம், சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870. சாந்திவீரக் குரவர் என்ற துறவி பார்சுவ படாரரையும் (பார்சுவநாதர்தான்) இயக்கி அவ்வைகளையும் (சமணப் பெண் தெய்வங்கள்) ‘புதுக்கி’யிருக்கிறார். புதுக்கினார் என்றால், அன்றைக்கே அவை பழைய சிலைகள்! தடையில்லாத படையலுக்கும், ‘ஓரடிகளுக்குச் சோறு’, அதாவது ஒரு துறவிக்குச் சாப்பாடு போடவும் 505 காணம் (அக்காலப் பொன் அளவு) பொன் வைத்தார்.

“ஒரே ஒருவருக்கா?” என்ற அத்தை, பையிலிருந்து பஞ்சாமிர்த டப்பாவை எடுத்துத் திறந்தார்.

“அத்தை, அதில் தேன் இருக்கிறது. சமணர்களுக்குத் தேன் ஆகாது.”

“இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?” மூடியை அழுத்தி மூடினார். பழனியில் வாங்கி மிச்சமிருந்த கதம்பத்தை எடுத்துப் பாறையின் அடியில் வைத்துவிட்டு, மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.