உம் கொட்டும் இடம்

ஜூன் 3

அறுவை போடுகிறவர் எதிரில் உட்கார்ந்து ஆர்வமாகக் கேட்பதுபோல் காட்டிக்கொள்ள, முதலில் கவனிக்க வேண்டியது முகத்தை அல்ல, ‘ம்’ விழும் இடத்தை. தமிழில் வினை கடைசியில் வருவதால், பேசுகிறவர் ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு கொக்கி போடுவார்: ‘போனேனா’, ‘சொன்னேன்ல’, ‘பாருங்க’. ‘நேத்து பேங்குக்குப் போனேனா’ என்றதும் ‘ம்’. ‘அங்க மேனேஜரே இல்ல’ என்றதும் ‘அடடா’. ‘பேங்குக்கு’ என்ற இடத்திலேயே ‘ம்’ போட்டால் குட்டு உடைந்துவிடும். ஒரே சுருதியில் நாலு ‘ம்’ வந்தாலும் அப்படித்தான். கதை கேட்கும் பிள்ளையிடம் பாட்டி “உம் கொட்டு” என்று கேட்டு வாங்குவதும் இதைத்தான். மொழியியலாளர் விக்டர் இங்வே 1970இல் இதற்கு ‘பேக்சேனல்’ என்று பெயர் வைத்தார்.

ஜூன் 4

நேற்று விட்டுப்போனது: ‘அப்புறம்?’ வேண்டாம். அது புதுக் கதைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது.

ஜூன் 8

அரைக்காதாகக் கேட்டால் சீக்கிரம் முடியும் என்று நினைப்பது தவறு. உளவியலாளர் ஜேனட் பாவலாஸ் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், கேட்பவர்கள் சிலரிடம் கதையில் ‘t’ எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களை எண்ணச் சொன்னார்கள். சொல்பவருக்கு அது தெரியாது. ஆனாலும் கதை குலைந்தது. சொல்பவர்கள் முடிவைச் சட்டென்று வெட்டினார்கள், அல்லது முடித்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்தார்கள். சொன்னதையே சொல்லும் பெரியப்பாவுக்கு ஒருவேளை நம் ‘ம்’ போதவில்லையோ என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஜூன் 9

வராத சிரிப்பை வரவழைக்காதீர்கள். உதடு மட்டும் விரிந்து கண்ணோரம் சுருங்காத சிரிப்பு வேறு, உண்மைச் சிரிப்பு வேறு என்று பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862இலேயே படம் பிடித்துக் காட்டிவிட்டார். சிரிப்பு வராவிட்டால் புருவத்தைத் தளர்த்தி, தலையை லேசாகச் சாய்த்தால் போதும். கண்ணைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தால் இரு புருவத்துக்கும் நடுவே பாருங்கள். போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தாலும் கண் அங்கே போகும், பைக்குள் போடுங்கள்.

ஜூன் 12

கேட்டதில் ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். எண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. மாமா போர்வெல் புராணம் பாடுகிறார், “650 அடி போட்டும் தண்ணி வரல” என்கிறார். “650 அடியிலயுமா மாமா?” என்று திருப்பிக் கொடுங்கள். அவர் தோள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். “எங்க வீட்லயும் இப்படித்தான்” என்றால் போச்சு, அவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். “ஏன் அவ்வளவு ஆழம் போட்டீங்க?” என்பதும் ஆபத்து, ‘ஏன்’ குற்றம் சாட்டுவதுபோல் விழும், அவர் நியாயம் சொல்லத் தொடங்குவார். “எந்த மூலையில போட்டீங்க?” என்பதற்கு ஒரு வரியில் பதில் வந்துவிடும்.

ஜூன் 15

எழுந்து போவதற்கும் அந்தப் பொருளே உதவும். அவர் வாக்கியம் முடியும்போது எழுந்து, “பந்தி போட்டுட்டாங்க மாமா, அந்த போர்வெல்லுக்கு என்ன வழின்னு சாயங்காலம் கேட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டு நகருங்கள். சொன்னபடி சாயங்காலம் கேளுங்கள்.

ஜூன் 16

இரண்டு இடத்தில் இதில் எதையும் செய்யாதீர்கள்: ஜாமீன் கையெழுத்துப் பேச்சு வரும்போது, இல்லாத ஒருவரைப் பற்றிப் புறம் பேசும்போது. அங்கே ‘ம்’ என்றால் சம்மதம். “அவளும் ஆமான்னுதான் சொன்னா” என்று அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேரும்.